பதினான்கு பிரேம்கள்

மாமியின் அந்தியேட்டிக்குப் போனபோது மண்டப வாசலில் கல்வெட்டு ஒன்றைக் கையில் தந்தார்கள். யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் நடக்கும் சடங்கில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரைத்தான் நாங்கள் கல்வெட்டு என்கிறோம். இறந்தவரின் வரலாறு, திதி வெண்பா, தேவாரம், வம்சாவழி எல்லாம் அதில் இருக்கும். பெயரில்தான் கல். அச்சாவது மினுங்கும் தாளில். ஆனாலும் அந்தப் பெயரை எங்கள் ஆட்கள் சும்மா வைக்கவில்லை. ஒரு குடும்பம் தன்னைப் பற்றி ‘இது இப்படித்தான்’ என்று எழுதிவைக்கும் இடம் அது.

நான்காம் பக்கத்தில் மாமியின் தம்பியின் படம் இருந்தது. இருபது வயது இருக்கும். எங்களைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறார். கீழே பெயர் மட்டும். இறந்த திகதி இல்லை. 1990இல் வீட்டைவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. உடல் இல்லை, திகதி இல்லை, ஆகவே அவருக்கென்று ஒரு கல்வெட்டும் இல்லை. அக்காவின் கல்வெட்டில் கால்பக்கம்தான் அவருக்குக் கிடைத்த இடம்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. அதை வரைந்தவன் நான்.

ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு நாள் மாமி வீடியோ கசற் ஒன்றுடன் வீட்டுக்கு வந்தார். எனக்குத் தூரத்து முறையில் மாமி. ஆனால் ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் என்னை வைத்துச் சோறு போட்டவர். கசற்றில் இருந்தது 1986இல் கோண்டாவிலில் நடந்த ஒரு கலியாணம். மூன்று மணித்தியாலக் கலியாணத்தில் தம்பி வருவது ஒன்பது வினாடி. கையில் செம்புடன் பந்தலுக்குள் வருகிறார், கமராவைப் பார்க்கிறார், யாரோ கூப்பிடத் திரும்புகிறார், போய்விடுகிறார். அவர் அசைவதைக் காட்டும் வேறெதுவும் இந்த உலகத்தில் இல்லை.

அவர் கமராவைப் பார்க்கும் இடத்தில் நாடா கசங்கியிருந்தது. வெள்ளைக் கோடுகள் முகத்தைக் கிழித்துக்கொண்டு போயின. பிறகு எண்ணிப் பார்த்தேன்: பதினான்கு பிரேம்கள். அரை வினாடியும் இல்லை. ஆனால் அந்த அரை வினாடியில்தான் அவர் எங்களைப் பார்க்கிறார்.

“தம்பி, உதை ஒருக்கா வடிவாக்கித் தாவன். அவன் அதிலை சிரிச்சவன். எனக்கு நல்ல ஞாபகம்.”

அந்தக் கசற்றுக்கே ஒரு கதை உண்டு. இலங்கையில் ரீவியும் வீடியோவும் ‘பால்’ என்ற முறையில் இயங்கின. வினாடிக்கு 25 பிரேம், பிரேமுக்கு 625 கோடு. கனடாவில் என்.ரி.எஸ்.சி. முறை. வினாடிக்கு ஏறக்குறைய 30 பிரேம், துல்லியமாகச் சொன்னால் 29.97, கோடுகள் 525. ஊரிலிருந்து வந்த கசற்றை இங்கத்தைய டெக்கில் போட்டால் படம் ஒழுங்காக வராது. அதனால் வீடியோக் கடைகளில் காசு கொடுத்து மாற்றினோம். எங்களில் எத்தனையோ பேருடைய கலியாணமும் சாமத்தியச் சடங்கும் அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தன. 25ஐ 30 ஆக்க வேண்டுமென்றால் வினாடிக்கு ஐந்து பிரேம் எங்கிருந்தோ வரவேண்டும். இருப்பதையே இரண்டாம் முறை காட்டியோ, முன்னதையும் பின்னதையும் கலந்தோ இயந்திரம் அதைச் சரிக்கட்டியது. ஒன்பது வினாடிக்கு 45 பிரேம், கோண்டாவிலில் எந்தக் கமராவும் பிடிக்காதவை. அசல் கசற் எங்கேயோ தொலைந்துவிட்டது. மாமி என்னிடம் தந்தது அந்தக் கடைக் கொப்பி.

போட்டோஷொப் நிழற்படத்துக்கான மென்பொருள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். 2007இல் வந்த சி.எஸ்.3இன் விரிவாக்கப் பதிப்பிலிருந்து அதில் வீடியோவையும் திறக்கலாம், 2012இல் சி.எஸ்.6 வந்தபோது அந்த வசதி சாதாரணப் பதிப்புக்கும் வந்தது. வீடியோ ஒரு லேயராக வந்து உட்காரும். காலக்கோட்டில் ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி அதன்மேல் தூரிகையால் வரையலாம். முன்னுள்ள பிரேமும் பின்னுள்ள பிரேமும் நிழல்போல ஊடுதெரியும்படி வைக்கலாம். அதற்கு ‘ஒனியன் ஸ்கின்’ என்று பெயர், வெங்காயத் தோல். கார்ட்டூன் வரைபவர்கள் மெல்லிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரைந்த காலத்துச் சொல்.

நெற்றி, மூக்கு, தலைமயிர் எல்லாம் சிரமமில்லாமல் வந்தன. பக்கத்துப் பிரேம்களில் அவை இருந்தன. வாய்தான் வரவில்லை. கசங்கலுக்கு முந்திய பிரேமில் உதடு மூடியிருக்கிறது. கசங்கலுக்குப் பிந்தியதில் முகம் பாதி திரும்பிவிட்டது. கன்னம் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. சிரித்து முடிந்த கன்னமா, கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லத் தொடங்கிய கன்னமா என்று அந்த மங்கல் படத்தில் யாராலும் சொல்ல முடியாது. மாமி சிரித்தவன் என்றார். நான் சிரிக்க வைத்தேன்.

இந்த மென்பொருளில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. பிரேமின்மேல் நாம் என்ன வரைந்தாலும் மூல வீடியோக் கோப்பை அது தொடாது. வரைந்ததைத் தனியே வைத்துக்கொண்டு மேலே காட்டும். ‘ரிஸ்ரோர் பிரேம்’ என்ற கட்டளையை அழுத்தினால் வரைந்தது போய், கிழிந்த முகம் திரும்ப வந்துவிடும். அந்த மூன்று கிழமையும் பலமுறை அதை அழுத்தியிருக்கிறேன். அதுவரைக்கும் எடுத்ததும் வரைந்ததும் ஒரே வேலைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. எது எது என்று எனக்கும் தெரியும், கணினிக்கும் தெரியும். எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம். இந்தக் கட்டத்தில் யாரும் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பிறகு ஏற்றுமதி.

கோப்பு, ஏற்றுமதி, ‘ரெண்டர் வீடியோ’ என்று போனால் ஒரு சிறிய பெட்டி திறக்கும். அதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வீடியோவாக்குவது. அனேகமாக எச்.264 என்ற வடிவத்தில். 2003இல் தரமாக்கப்பட்ட இந்த வடிவம் சில பிரேம்களை மட்டும் முழுதாக எழுதிவைக்கும். மற்றவற்றுக்கு, பக்கத்துப் பிரேம்களிலிருந்து என்ன மாறியது என்ற கணக்கை மட்டும் எழுதும். நீங்கள் ஓரிடத்தில் நிறுத்தினால் அந்தக் கணக்கைப் போட்டு ஒரு படத்தை உண்டாக்கித் தரும். கோப்பு சிறியது, எந்தத் தொலைபேசியிலும் ஓடும்.

மற்றது ‘இமேஜ் சீக்குவன்ஸ்’, படத்தொடர். ஒவ்வொரு பிரேமும் தனித்தனிப் படக் கோப்பாக வெளியே வரும். பெயர் என்ன, எந்த எண்ணில் தொடங்க வேண்டும், எத்தனை இலக்கம் என்பதை நாங்கள் சொல்ல வேண்டும். என்னுடைய ஒன்பது வினாடி 0001 முதல் 0270 வரை வந்தது. ஒலி கிடையாது. இடம் நிறையப் பிடிக்கும். ஒரு வயதான மனுஷிக்கு அனுப்பிக் காட்டக்கூடிய பொருள் அல்ல. ஆனால் 0137 என்றால் அது 0137தான். பக்கத்துப் பிரேமின் தயவில் அது நிற்கவில்லை. பழுதானால் அதை மட்டும் எடுத்து மாற்றலாம்.

நான் இரண்டையும் செய்தேன். மாமிக்கு வீடியோ. எனக்குப் படத்தொடர்: தொடாத 270 பிரேம்கள் ஒரு கோப்புறையில், வரைந்த 0131 முதல் 0144 வரை ‘வரைந்தது’ என்ற பெயரில் இன்னொரு கோப்புறையில். அறம் பார்த்து அப்படி வைக்கவில்லை. தொழில் பழக்கம். நீண்ட ரெண்டர் நடுவில் நின்றுபோனால் வீடியோக் கோப்பு பெரும்பாலும் வீண். படத்தொடர் என்றால் அதுவரை முடிந்தது மிஞ்சும். அந்த வசதிக்காக வந்த பழக்கம் பிறகு எனக்கு எவ்வளவு பெரிய உதவியாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

மாமி வீடியோவைத் தொலைபேசியில் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “பாத்தியே, நான் சொன்னனான் எல்லே.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மாமி சொன்னதை வைத்து நான் வரைந்தேன். நான் வரைந்ததை வைத்து மாமி தன் ஞாபகம் சரி என்று உறுதி செய்துகொண்டார். சாட்சி சொன்னவருக்கே அவருடைய வாக்குமூலம் சான்றாகத் திரும்பிப் போய்விட்டது. அவர் சந்தோஷமாக இருந்தார். நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இது பிழையா? எனக்காக நானே வாதாடிப் பார்த்திருக்கிறேன். படம் முதலிலேயே தூய்மையானது அல்ல. கடைக்காரரின் இயந்திரம் ஏற்கனவே 45 பிரேம் சேர்த்துவிட்டது. பீற்றர் ஜாக்சன் 2018இல் ‘தே ஷல் நொட் குரோ ஓல்ட்’ என்று ஒரு படம் எடுத்தார். லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருந்த முதலாம் உலகப்போர்ச் சுருள்கள். கையால் சுற்றிய கமராவில் வினாடிக்கு ஏறத்தாழ 10 முதல் 18 பிரேம் வரை பிடித்தவை. அவற்றை 24 ஆக்குவதற்கு இடைப் பிரேம்களைக் கணினி உண்டாக்கியது. நிறமும் குரலும்கூடப் பிறகு சேர்த்தவை. அந்தப் படையாட்களின் முகங்களைப் பார்த்துக் கலங்காதவர் குறைவு. அவர் செய்யலாம் என்றால் நான் ஏன் செய்யக்கூடாது?

வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு இடங்களில் அது நிற்கவில்லை. கடை இயந்திரம் சேர்த்த பிரேம்கள் ஏற்கனவே பிடிபட்டிருந்த இரண்டு பிரேம்களைத் தாண்டிப் புதிதாக எதையும் சொல்லவில்லை. நான் வரைந்த வாய், பதில் இல்லாத ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. இரண்டாவது, ஜாக்சனின் படத்தைப் பார்க்கப் போகிறவருக்கு அது நிறமூட்டியது, திருத்தியது என்று தெரியும். பழைய சுருள்கள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. என் வீடியோவில் அப்படி ஒரு சொல்லும் இல்லை.

படத்தைத் திருத்துவது என்றால் எல்லோரும் ஸ்டாலின் காலத்தைச் சொல்வார்கள். மொஸ்கோ - வொல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நின்ற உளவுத்துறைத் தலைவர் யெஷோவ் 1940இல் சுடப்பட்டார், படத்திலிருந்தும் அழிக்கப்பட்டார். அவர் நின்ற இடத்தில் தண்ணீர் தெரியும். அதிகாரம் சொல்லும் பொய்யைக் கண்டுபிடித்துக் கண்டிப்பது சுலபம். அன்பு சொல்லும் பொய்யை யாரும் தேடுவதில்லை, கண்டிப்பதுமில்லை. அதனால் அதற்கு ஆயுள் கூட.

ஓவியங்களைச் செப்பனிடுகிறவர்கள் இந்தக் கேள்வியை முன்பே சந்தித்துவிட்டார்கள். 1939இல் ரோமில் தொடங்கிய மத்திய செப்பனிடும் நிலையத்தின் இயக்குநராக இருந்தவர் செசாரே பிரண்டி. நிறம் உதிர்ந்த இடத்தை எப்படி நிரப்புவது என்பதற்கு அங்கே ஒரு முறை கண்டார்கள். மெல்லிய நெடுங்கோடுகளாக அடுத்தடுத்து வரைவது. தள்ளி நின்று பார்த்தால் ஓவியம் முழுதாகத் தெரியும்; கிட்டப் போய்ப் பார்த்தால் கோடுகள் தெரியும், இது பிறகு வந்த கை என்று விளங்கும். கட்டடங்களுக்கு 1964இல் வெனிஸ் சாசனமும் இதையே விதியாக்கியது: சேர்த்தது மொத்தத்தோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் அசலிலிருந்து பிரித்தறியக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

இதைக் கற்க ரோமுக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. எங்கள் வீட்டுப் புத்தக அலுமாரியில் புறநானூறு இருக்கிறது. 1894இல் உ.வே.சாமிநாதையர் அதை அச்சில் கொண்டுவந்தார். நானூறு பாட்டுகளில் 267உம் 268உம் கிடைக்கவில்லை. இன்றைக்கும் 266க்குப் பிறகு 269 வருகிறது. பல பாட்டுகளில் ஏடு சிதைந்த இடத்தில் வெறும் புள்ளிகள். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை; ஆனாலும் இருப்பது இரண்டாம்பத்து என்றுதான் தொடங்குகிறது. ஐயருக்கு அந்த நடை கைவந்தது. இரண்டு பாட்டு எழுதி உள்ளே வைத்திருந்தால் எத்தனை பேர் கண்டுபிடித்திருப்பார்கள்? அவர் எண்ணை வைத்துக்கொண்டு இடத்தை வெறுமையாக விட்டார். அந்த வெறுமையால்தான் மற்ற 398ஐயும் நம்பிப் படிக்கிறோம்.

கடைசியில் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரத்தில் உட்கார்ந்தார்கள். மங்கிய படங்கள், அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த படங்கள், மடிப்பு விழுந்த படங்கள். அவை நினைவுப் பொருட்கள் மட்டுமல்ல. ‘இப்படி ஒருவன் இருந்தான்’ என்பதற்கான சான்று. அப்படியானவற்றில் ஒன்றைக் காட்டி ‘இது கணினியில் வரைந்தது’ என்று ஒருவர் சொல்ல முடிந்தால், மற்ற எல்லாவற்றையும் மறுக்க அவருக்கு வேறு வேலை தேவையில்லை. நான் ஒரு மாமியின் மனதைக் குளிர்விக்க ஒரு வாய் வரைந்தேன். அந்த வாய் எங்கெங்கே போய்ச் சேரும் என்பது என் கையில் இல்லை.

ஏற்றுமதி என்ற சொல் இந்த இடத்தில் பொருத்தமானது. பொருள் எங்கள் கையைவிட்டுக் கப்பலேறுகிறது. கூட ஒரு சீட்டு ஒட்டி அனுப்பாவிட்டால், போய்ச் சேருகிற இடத்தில் அதைத் திறப்பவருக்கு உள்ளே என்ன கலந்தது என்று தெரியாது. என் கணினியில் லேயர்களாக இருந்தபோது அது மாமிக்கும் எனக்கும் இடையிலான ஆறுதல். தட்டையாகி வெளியே வந்ததும் அது ஆவணம். கை மாறும் அந்த நேரத்தில்தான் அறக்கேள்வி வருகிறது, வரையும்போது வரவில்லை.

மாமி கேட்டதை நான் செய்திருக்கக்கூடாது என்று இப்போதும் சொல்லமாட்டேன். தன் தம்பியின் முகத்தை முழுதாகப் பார்க்க ஒரு அக்காவுக்கு உரிமை உண்டு. வீடியோவின் தொடக்கத்தில் இரண்டு வினாடிக்கு ஒரு வரி போட்டிருக்கலாம். கோப்பின் பெயரிலேயே எழுதியிருக்கலாம். கிழிந்த பிரதியையும் கூடவே கொடுத்திருக்கலாம். இவற்றில் எதுவும் பத்து நிமிட வேலைக்கு மேல் இல்லை. இன்றைக்கு இது இன்னும் அவசரம். 2023இலிருந்து அதே போட்டோஷொப்பில், ஓரிடத்தைச் சுற்றி வட்டம் போட்டால் செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் நிரப்பித் தருகிறது. எனக்கு மூன்று கிழமை எடுத்தது. அந்த மூன்று கிழமையில் எந்த இடம் என் கை என்று எனக்கு மனப்பாடமாகிவிட்டது. சில நொடியில் செய்கிறவருக்கு அந்த ஞாபகமும் இருக்காது.

அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மாமியின் மகள் வந்தாள். இங்கே பிறந்தவள். கல்வெட்டை அவள்தான் வடிவமைத்திருந்தாள்.

“அண்ணா, மாமான்ர படம் வடிவா வந்திருக்கு, என்ன? வீடியோவை நிப்பாட்டி எடுத்தனான்.”

இருநூற்றெழுபது பிரேமில் அவள் நிறுத்தியது பதினான்கில் ஒன்றில். வேறெங்கே நிறுத்துவாள்? அங்கேதான் அவர் எங்களைப் பார்க்கிறார்.

சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்ப அது மாமா இல்லையா?”

“மாமாதான். சிரிப்பு மட்டும் நான் கீறினது.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“சொல்லேல்லை.”

அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கடன் இனித் தீராது என்பது எங்கள் இருவருக்கும் விளங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: “எது எது நீங்கள் கீறினது எண்டு இப்பவும் சொல்லுவீங்களா?”

“131இலயிருந்து 144.”

அந்த இரண்டு எண்ணைச் சொல்ல முடிந்தது மட்டுமே அன்றைக்கு எனக்கிருந்த ஒரே நிம்மதி. ஐந்து வருடத்துக்கு முன் வெறும் பழக்கத்தில் ஏற்றுமதி செய்து வைத்த படத்தொடர் இல்லாவிட்டால், “ஏதோ நடுவிலை” என்றுதான் சொல்லியிருப்பேன்.

“அம்மான்ர வீடியோ அப்பிடியே இருக்கட்டும்,” என்றாள். “எனக்குக் கிழிஞ்சதைத் தாங்கோ.”

கொடுத்தேன். 270 படங்கள், எண் வரிசையில், கோடு விழுந்தவை கோடு விழுந்தபடியே. அச்சான கல்வெட்டுகளைத் திருப்பி வாங்க முடியாது, உறவினர்களுக்கு மின்னஞ்சலில் போன பிரதியில் மட்டும் அந்தப் படத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: ‘1986 வீடியோவிலிருந்து, சிதைந்த முகம் பின்னர் வரைந்து நிரப்பப்பட்டது.’ அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், செத்தவீட்டுப் புத்தகத்தில் இது என்ன கணக்கு என்று கேட்டாராம்.

இரண்டு கிழமை கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். மாமியின் படத்துக்குப் பக்கத்தில் தம்பியின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். 0130. கசங்கலுக்கு முந்திய கடைசிப் பிரேம். மங்கல்தான். கண் கமராவின் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. உதடு மூடியிருக்கிறது. சிரிக்கப் போகிறாரா இல்லையா என்று தெரியவில்லை.